லிட்டில் இந்தியா மாடி வீடு: பத்தாவது ஆளுக்குப் படுக்கையும் பதினொன்றாவது ஆளுக்கு விதியும்

தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு மலேசியாவின் பினாங்குக்குப் போகிறவர்கள் வாடகை வீடு தேடும்போது, அறைகள் எத்தனை, குளிர்சாதனம் உண்டா, வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். என்னைக் கேட்டால், அவற்றுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. பத்துப் பேர் தங்கலாம் என்று எழுதியிருந்தால் அந்தப் பத்தாவது ஆள் எதன்மேல் படுப்பார் என்பது ஒன்று. தங்க வராமல், எங்களைப் பார்த்துவிட்டுப் போக வரும் உறவினரை வீட்டுக்காரர் எந்தக் கணக்கில் வைப்பார் என்பது மற்றொன்று. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் தெருவை ஒட்டிய ஒரு கடைவீட்டின் மாடியில் நாங்கள் தைப்பூசத்துக்குத் தங்கினோம். இவ்விரண்டு கேள்விகளுக்கும் நேரான பதில் வைத்திருந்த வீடு என்பதால்தான் விரிவாக எழுதுகிறேன். வீட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. உரிமையாளர் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை. தெரிந்தவர் சொல்லி வருபவர்களுக்கே பெரும்பாலும் விடுகிறார். வருகிறவர்கள் எல்லாரும் அவரை ‘டீச்சர்’ என்றே அழைக்கிறார்கள். நானும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

கீழே கடை, மேலே வீடு. கடை முன்புள்ள கூரை போட்ட நடைபாதையான ஐந்தடிப் பாதையிலிருந்து செங்குத்தான மரப்படி ஒன்று நேரே கூடத்துக்கு ஏறுகிறது; ஏறவும் இறங்கவும் அது ஒன்றுதான் வழி. தெருவைப் பார்த்த முன்னறையில் இருவர் படுக்கும் ஒரு குயின் கட்டிலும் ஒரு ஒற்றைக் கட்டிலும், நடு அறையில் ஒரு குயின் கட்டில், பின்னறையில் இரண்டு ஒற்றைக் கட்டில்கள் என ஏழு பேருக்குக் கட்டில் உண்டு. மீதி மூவர் கூடத்தில் தோத்தோ எனப்படும் மெல்லிய மெத்தையை விரித்துப் படுக்க வேண்டும். முன்பதிவுக்குக் கேட்டவுடனேயே டீச்சர் இதை இப்படியே எழுதி அனுப்பினார்: ஏழு பேருக்குக் கட்டில், மூன்று பேருக்குத் தரை. சொல்லிவிட்டால் இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் ‘பத்துப் பேர் தங்கலாம்’ என்று போட்டுவிட்டு, ஒரு சோபாவையும் ஒரு காற்றடைத்த மெத்தையையும் சேர்த்துக் கணக்கை நிரப்பும் வீடுகளே அதிகம் என்பது இந்த ஊரில் குடும்பத்தோடு தங்கிய எவருக்கும் தெரியும்.

தரையில் படுப்பது இந்தத் தெருக்களுக்குப் புதிதன்று. லெபோ பினாங்கில் செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது வட்டித்தொழில் கூடங்கள், இருந்த காலத்தில், பகலில் பெட்டியடியில் உட்கார்ந்து வட்டிக் கணக்கு எழுதியவர்கள் இரவில் அதே கூடத்தில் படுக்கையை விரித்துக்கொண்டார்கள். பின்னர் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பில் குறைந்த வாடகைக்குக் குடித்தனங்கள் மாடிகளை நிரப்பியிருந்தன. அந்தக் கட்டுப்பாடு 2000 ஜனவரி 1ஆம் தேதியோடு நீங்கியதும் பல குடித்தனங்கள் வெளியேறின; 2008இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமான பிறகு, காலியான மாடிகள் பல பயணிகள் தங்குமிடங்களாயின. டீச்சரின் வீடு அவருடைய மாமனார் காலத்திலிருந்து குடும்பச் சொத்து. பலகைத் தளத்தை அவர் மாற்றவில்லை. அதனால் வரும் கட்டுப்பாடு ஒன்று உண்டு: கட்டிலையோ மெத்தையையோ இழுத்து நகர்த்தக்கூடாது. பலகையில் கீறல் விழும் என்பதைவிட, மேலே கட்டிலை இழுத்தால் கீழ்க்கடைக்காரர் தலையில் இடி இறங்கியதைப்போல் கேட்கும் என்பதே முக்கியக் காரணம். நம் குடும்பங்களிலோ, வந்து இறங்கியவுடன் கட்டில் மெத்தைகளைத் தூக்கிக் கூடத்தில் வரிசையாகப் போட்டு எல்லாரும் ஒன்றாகப் படுத்துக்கொள்வதுதான் முதல் வேலை. அதைச் செய்யாதே என்று அட்டையில் எழுதி ஒட்டுவது எளிது. செய்யத் தேவையே இல்லாதபடி போதுமான தோத்தோக்களை வாங்கி வைப்பதற்குக் காசு ஆகும். டீச்சர் காசு செலவழித்திருக்கிறார்.

புறப்படுவதற்குச் சில நாள் முன்பு அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் கேள்விகள் வந்தன. கட்டிலில் ஏற இறங்கச் சிரமப்படும் முதியவர் உண்டா? விரதத்துக்காகப் பாயில் மட்டும் படுப்பவர் எத்தனை பேர்? தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு படுப்பவர் உண்டா? கடைசிக் கேள்வியை அப்படியே தருகிறேன்: “சின்னப் பிள்ளைங்க ராத்திரியில படுக்கைய நனைக்குமா? கூச்சப்படாம சொல்லுங்க, ரப்பர் விரிப்பு எடுத்து வைக்கிறேன்.” வாடகை வீட்டுக்காரர் ஒருவர் இதை முன்கூட்டியே கேட்டு நான் கண்டதில்லை. கேட்காத வீடுகளில் நடப்பது எல்லாருக்கும் தெரியும்: குழந்தை மெத்தையை நனைத்துவிடும், தாய் விடியுமுன் எழுந்து விரிப்பை அலசி மெத்தையைத் திருப்பிப் போட்டுவிடுவாள், வீட்டுக்காரருக்கு அடுத்த குடும்பம் வந்து மூக்கைப் பொத்திக்கொண்ட பிறகுதான் விஷயம் தெரியும். கூச்சத்தை முதலிலேயே எடுத்துவிட்டால் மெத்தை பிழைக்கிறது. என் தங்கை மகளுக்கு விரிப்பு தேவைப்பட்டது. பின்னறையின் ஒரு கட்டிலில் அது முன்கூட்டியே போடப்பட்டு, மேலே பருத்தி விரிப்பும் மடித்துச் செருகப்பட்டிருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

படுக்கை அலமாரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த வீட்டின் முழுச் சிந்தனையும் அதற்குள்தான் இருக்கிறது. கூடத்தின் ஓரத்தில் ஆளுயர மர அலமாரி. முன்னறை விரிப்புகளின் ஓரத்தில் நீலத் தையல், நடு அறைக்குப் பச்சை, பின்னறைக்குச் சிவப்பு, கூடத்துத் தோத்தோக்களின் உறைகளுக்குக் கறுப்பு. யாரோ ஒருவர் முன்னறைத் தலையணையைக் கூடத்துக்கு எடுத்துப்போனாலும், காலி செய்யும்போது எது எங்கே போக வேண்டும் என்று ஐந்து வயதுக் குழந்தைகூடச் சொல்லிவிடும். எங்கள் வீட்டுக் குழந்தைகள் அந்த வேலையைப் போட்டி போட்டுச் செய்தார்கள். கீழ்த்தட்டில் கரும்பழுப்பு நிறத்தில் தலையணை உறைகளும் துண்டுகளும் ஒரு கூடையில் இருந்தன. கூடையின் மேல் ‘எண்ணெய், மஞ்சள், குங்குமம், தலைச்சாயம்’ என்று டீச்சரின் கரும்பலகைக் கையெழுத்தில் ஓர் அட்டை. ஓட்டல்களில் வெள்ளை விரிப்பில் நல்லெண்ணெய்க் கறை பட்டுவிட்டதே என்று பாட்டிகள் பதறுவதும், சொந்தத் துண்டைத் தலையணையின் மேல் விரித்து அது நழுவி நழுவி விடியவிடியத் தூக்கம் கெடுவதும் இங்கே இல்லை. எண்ணெய் வைக்காதே என்று சொல்லவில்லை. எண்ணெய் வைத்தால் இந்த உறையைப் போட்டுக்கொள் என்கிறார்.

விரதக்காரர்களுக்கு வேறு ஏற்பாடு. காவடி எடுப்பவர்களும் பால்குடம் எடுப்பவர்களும் விரத நாட்களில் மெத்தை, தலையணை தவிர்த்து வெறும் பாயில் படுப்பது நம்மிடையே பரவலான வழக்கம். என் தம்பி காவடி எடுத்தான். அவனுக்கும் அவனுடைய நண்பனுக்கும் தாழை வகை ஓலையில் பின்னிய மெங்குவாங் பாய்கள் தரப்பட்டன. விரதக்காரர்களுக்கென்றே ஒதுக்கிய பாய்கள் அவை, மற்றவர்களுக்கு விரிப்பதில்லை என்று சொன்னார். அவர்கள் படுக்கக் கூடத்தின் சாமி படம் இருக்கும் பக்கத்தையும் ஒதுக்கியிருந்தார். விரதம் முடிந்த இரவில் தோத்தோ தேவைப்படும் என்பதையும் எதிர்பார்த்து, பாய்க்குக் கூடுதல் கட்டணமோ பிறகு தோத்தோவுக்கு வேறு கட்டணமோ வாங்கவில்லை. தலைக்கு ஒரு படுக்கை என்பதுதான் அவர் கணக்கு. அது பாயா மெத்தையா என்பது படுப்பவர் விருப்பம்.

மஞ்சளைப் பற்றி டீச்சருக்கு ஒரு பாடமே உண்டு. தைப்பூசத்துக்கு மஞ்சள் வேட்டி, மஞ்சள் சேலை, மஞ்சள் நீர் எல்லாம் படுக்கையில் இறங்காமல் இருக்காது. கறை பட்டவுடன் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பதுதான் விருந்தாளிகள் செய்யும் முதல் காரியம் என்றும், அதனால் மஞ்சள் கறை சிவப்பாக மாறியதும் பயந்துபோய் விரிப்பையே ஒளித்து வைத்துவிடுகிறார்கள் என்றும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். மஞ்சள் காரத்தில் சிவக்கும் என்பது பள்ளிக்கூடத்தில் மஞ்சள் தாளைச் சவர்க்கார நீரில் நனைத்துக் காட்டும் பழைய சோதனைதான். நன்றாக அலசி வெயிலில் போட்டால், மஞ்சளின் நிறம் ஒளிபட்டு மங்கிவிடும். அதனால் கறை பட்ட எதையும் தொடாமல் பின்கட்டில் உள்ள பச்சை வாளியில் போட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறார். இரத்தக் கறை என்றால் மட்டும் உடனே குளிர்ந்த நீரில் நனைத்துவிட வேண்டும். வெந்நீர் பட்டால் அது துணியில் பதிந்துவிடும். பொதுவாக வாடகை வீடுகளில் ‘கறை பட்டால் அபராதம்’ என்று ஒற்றை வரியில் முடியும் விஷயம் இது. அபராதத்துக்குப் பயந்து ஒளிப்பதால்தான் கறை நிலைத்துவிடுகிறது என்று புரிந்துகொண்ட வீட்டுக்காரரை இப்போதுதான் பார்க்கிறேன்.

விரிப்புகள் அருகிலுள்ள டோபிக் கடைக்குப் போகின்றன. 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, முழுவதுமாக உலர்த்தித் தருமாறு கடைக்காரரிடம் சொல்லி வைத்திருப்பதாகக் கூறினார். தூசிப்பூச்சிகள் சாக அந்தச் சூடு வேண்டும். பினாங்கின் ஈரக்காற்றில் அரைகுறையாக உலர்ந்த விரிப்பை மடித்து வைத்தால் புழுக்க நாற்றம் வந்துவிடும். விரிப்புகள் இஸ்திரி போடப்படவில்லை, சற்றுக் கசங்கலாகவே இருந்தன. எனக்கு அதில் புகார் இல்லை. தங்கப் போகும் எந்த வீட்டிலும் விரிப்பைத் தூக்கி மெத்தையின் தையலோரங்களில் கறுத்த புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வழக்கம். மூட்டைப்பூச்சி இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். இங்கே ஒவ்வொரு மெத்தைக்கும் முழுவதும் மூடும் ஜிப் வைத்த உறை போட்டிருந்தது. ஜிப்பைத் திறந்து பார்த்தேன், சுத்தமாக இருந்தது.

இனிக் குறைகள். தோத்தோக்கள் அலமாரியின் மேல்தட்டில் அடைத்து வைக்கப்பட்டிருந்ததால் அந்துருண்டை வாடை தூக்கலாக இருந்தது. முதல் இரவு அம்மாவுக்குத் தும்மல் நிற்கவில்லை. விருந்தாளிகள் வருவதற்கு முந்தைய நாளே அவற்றை வெளியே எடுத்துக் காற்றாட விட்டிருக்கலாம். தலையணைகள் மிக உப்பலானவை. கழுத்து வலிக்காரர்கள் தங்கள் தலையணையைக் கொண்டுபோவது நல்லது. குயின் மெத்தைகளின் மேல் இன்னொரு மெல்லிய மெத்தையைப் போட்டிருப்பதால் உயரம் கூடி, ஓரத்தில் ரப்பர் நாடா வைத்த விரிப்பின் மூலைகள் நடுராத்திரியில் கழன்று உடம்பின் கீழ் சுருண்டுவிடுகின்றன. நீள அகலம் சரிதான், 152க்கு 190 சென்டிமீட்டர். ஆழத்தைத்தான் யாரும் அளக்கவில்லை. இதை டீச்சரிடம் சொன்னபோது, ஆழமான விரிப்பு வாங்க வேண்டும் என்று குறித்துக்கொண்டார். பின்னறையில் குளிர்சாதனம் இல்லை, மின்விசிறி மட்டுமே. அங்கே இரண்டு பெரியவர்களைப் போடாதீர்கள். ஏழு பேருக்குக் கட்டில் உள்ள வீட்டில் குளியலறை இரண்டே இரண்டு என்பதும் காலையில் உறைத்தது. பால்குடம் எடுக்கும் நாளில் எல்லாரும் விடியுமுன் தலைக்குக் குளிக்க வேண்டும். அவரவர் முறையை முந்தைய இரவே எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கூடுதலாக வருகிறவர்கள் விவகாரம். இந்த வீட்டின் இருப்பிடமே உறவினரை இழுக்கும். தைப்பூசத்துக்கு முந்தைய நாள் விடியலில், நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வெள்ளி ரதம் லெபோ பினாங்கிலுள்ள கோவில் வீட்டிலிருந்துதான் முருகன் கோயில் உள்ள தண்ணீர்மலைக்குப் புறப்படுகிறது. 1894ஆம் ஆண்டிலிருந்து ஓடும் ரதம் அது. 2017 முதல் தங்க ரதமும் லெபோ குவீனிலுள்ள மகா மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படுகிறது. இரண்டும் இந்த வீட்டிலிருந்து நடக்கும் தூரம். பட்டர்வொர்த் பக்கமிருந்து படகில் வருகிறவர்களுக்குத் துறையிலிருந்து லிட்டில் இந்தியா வரை நடந்தே வந்துவிடலாம். ஆகவே நாங்கள் இங்கே தங்குகிறோம் என்று தெரிந்ததும் செபராங் பிறை, கூலிம், சுங்கை பட்டாணி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் “ஒரு எட்டு வந்துட்டுப் போறோம்” என்று அழைப்புகள் வரத் தொடங்கின. வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்புவது நம் பழக்கத்தில் இல்லை. வந்தால் காபி, காபிக்குப் பிறகு முகம் கழுவல், முகம் கழுவினால் சற்றுச் சாய்வு. வீட்டுக்காரர்கள் அஞ்சுவதும் இந்தச் சாய்வைத்தான்.

டீச்சரின் விதி இது: பதிவு செய்த பத்துப் பேர் தவிர, ஒரே சமயத்தில் ஆறு பேர் வரை வந்துபோகலாம், கட்டணம் இல்லை, பெயரை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும், இரவு பத்து மணிக்குள் அவர்கள் கிளம்பிவிட வேண்டும். ரதம் புறப்படும் நாளில் மட்டும் அதிகாலை ஐந்து மணியிலிருந்தே வரலாம். இரவு தங்குபவர் கூடினால் தலைக்கு 25 ரிங்கிட். அதில் தோத்தோ, தலையணை, போர்வை, துண்டு எல்லாம் அடக்கம். எப்படியும் மொத்தம் பதினான்கு பேருக்கு மேல் இரவில் படுக்கக்கூடாது. பதினான்குக்கு அவர் சொன்ன காரணம் படிக்கட்டு. பலகைத் தளமும் ஒரே படியும் உள்ள வீட்டில் தீ என்று வந்தால் எல்லாரும் அந்த ஒரு வழியாகத்தான் இறங்க வேண்டும். பகலில் வருகிறவருக்கும் இரவில் தங்குகிறவருக்கும் இடையே எல்லை எது என்று கேட்டேன். “காலை நீட்டிட்டுப் போகட்டும்பா, அதுக்கெல்லாம் நான் காசு கேக்க மாட்டேன். பத்து மணிக்கு மேல ஒருத்தர் பாய் விரிச்சார்னா அவரு படுக்க வந்தவரு” என்றார். நான் படித்த எந்த வாடகை ஒப்பந்தத்திலும் இவ்வளவு தெளிவான வரையறை இருந்ததில்லை.

இதன் அருமை, கோலாலம்பூரில் தங்கியவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். அங்கே ஓர் அடுக்குமாடியில் கல்யாணம் ஒன்றுக்காகத் தங்கியபோது, பாதுகாவலர் கூண்டருகே என் மாமியாரை அரைமணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். பட்டியலில் பெயர் இல்லையாம். மறுநாள், வாசற்கதவுக் கேமராவில் எண்ணிப் பார்த்ததாகச் சொல்லி, பூக்கொடுக்க வந்து போனவர்களையும் சேர்த்து ‘கூடுதல் விருந்தினர் கட்டணம்’ கேட்டுச் செய்தி வந்தது. அந்த வீட்டில் ஆறு பேர் தங்கலாம் என்று எழுதியிருந்தார்கள். படுக்கை விரிப்போ நான்கு பேருக்கு மட்டுமே இருந்தது. நியாயமாகப் பார்த்தால் அடுக்குமாடி உரிமையாளர்களின் பதற்றத்துக்குக் காரணம் உண்டு. மோன்ட் கியாராவிலுள்ள ஒரு குடியிருப்பைப் பற்றிய வழக்கில், குறுகிய கால வாடகையைத் தடுக்கும் விதியை மேலாண்மைக் கழகம் இயற்றலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்துவிட்டது. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி மேலாண்மைச் சட்டத்தின்கீழ், விதியை மீறுவோருக்கு 200 ரிங்கிட் வரை தண்டமும் விதிக்க முடியும். பினாங்கிலும் மாநில அரசு 2023இல் அடுக்குமாடிகளின் குறுகிய கால வாடகைக்கு வழிகாட்டி நெறிகளை அறிவித்து, குடியிருப்பு வகைக் கட்டடங்களில் அதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டது. அண்டை வீட்டார் ஒரு புகார் எழுதினால் போதும், உரிமையாளரின் பிழைப்பு ஆட்டம் கண்டுவிடும். அந்தப் பயம் விருந்தாளியின் அத்தை மேல் இறங்குகிறது.

பயம் புரிகிறது, கேமராவில் தலை எண்ணுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டுக்குள் கேமரா வைப்பதை, வாடகை வீடுகளுக்கான இணையதளமான ஏர்பிஎன்பி 2024இல் முற்றாகத் தடை செய்துவிட்டது. வெளிக்கேமரா இருந்தால் அதை முன்கூட்டியே விருந்தாளிக்குச் சொல்ல வேண்டும். சட்டம், விதி எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். கேமராவில் ஆறு செருப்பைப் பார்த்தவருக்கு, வந்தவர்கள் பூக்கொடுக்க வந்தார்களா படுக்க வந்தார்களா என்பது தெரியப்போவதில்லை. டீச்சரின் வீட்டில் கேமரா இல்லை. அவர் எண்ணுவது படுக்கைகளை. காலையில் அலமாரியில் எத்தனை கறுப்புத் தையல் உறைகள் குறைந்திருக்கின்றன என்று பார்த்தால் இரவில் எத்தனை பேர் கூடத்தில் படுத்தார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. யாரையும் வேவு பார்க்க வேண்டியதில்லை.

இந்த விதி வளையுமா, முறியுமா என்பதைத் தைப்பூச இரவில் பார்த்தோம். கூலிமிலிருந்து வந்த பெரியப்பா குடும்பம் தண்ணீர்மலையின் 513 படிகளையும் ஏறி இறங்கிவிட்டு, கால்வீங்கிய பெரியம்மாவோடு இரவு ஒன்பதரைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது: பெரியப்பா, பெரியம்மா, இரண்டு மகன்கள், ஒரு மருமகள், ஒரு பேத்தி. தீவிலிருந்து கூலிம் பக்கம் திரும்பும் பினாங்குப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை என்று செய்தி வந்துகொண்டிருந்தது. பத்து மணி நெருங்க நெருங்கப் பெரியப்பா கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். நான் டீச்சரை அழைத்தேன். அவர் தயங்காமல், நான்கு பேர் இருக்கலாம், பதினான்குக்கு மேல் முடியாது, யார் இருப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார். இளைஞர்கள் இருவரும் ஜெலுத்தோங்கில் ஒரு நண்பன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். “அம்மாவுக்குத் தோத்தோ வேண்டாம், தரையிலேருந்து எழுந்திருக்க முடியாது. முன்னறை ஒத்தைக் கட்டில்ல இருக்குறவங்கள கூடத்துக்கு வரச் சொல்லுங்க” என்று டீச்சரே யோசனையும் சொன்னார். பெரியம்மா கால்களுக்கு அடியில் இரண்டு தலையணைகளை அடுக்கிக்கொண்டு அந்தக் கட்டிலில் உறங்கினார். அந்த உப்பலான தலையணைகள் பயன்பட்டது அன்றுதான். ‘எங்களால் உங்களுக்குப் பிரச்சினையா’ என்று பெரியப்பா ஒருமுறைகூடக் கேட்க வேண்டியிருக்கவில்லை. 100 ரிங்கிட் அதிகம் ஆனது. அந்த நேரத்தில் ஜார்ஜ்டவுனில் ஓட்டல் அறை தேடியிருந்தால் அதற்குக் கிடைத்திருக்காது.

ஆனால் அந்த 100 ரிங்கிட்டில் 25 ரிங்கிட், தாயின் பக்கத்திலேயே ஒரே தோத்தோவில் சுருண்டு படுத்த நான்கு வயதுப் பேத்திக்கு. இது எனக்கு உடன்பாடில்லை. படிக்கட்டுக் கணக்கில் குழந்தையும் ஒரு தலைதான், அதை ஒப்புக்கொள்கிறேன். படுக்கை எடுக்காத தலைக்குப் படுக்கைக் கட்டணம் வாங்குவது, ‘தலைக்கு ஒரு படுக்கை’ என்ற அவருடைய கணக்குக்கே பொருந்தவில்லை. கேட்டேன். குழந்தைகளுக்கு விலக்களித்தால் பன்னிரண்டு வயதுப் பையனையும் குழந்தை என்று சொல்லிவிடுகிறார்கள் என்றார். ஐந்து வயது என்று ஒரு கோடு போட்டிருக்கலாம். அதேபோல், விரிப்புகளை நான்காவது நாளில்தான் மாற்றித் தருகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வியர்வையும் விபூதியுமாகத் தைப்பூச நாள் முடிந்து வரும்போது புது விரிப்பு வேண்டுமென்றால் ஒரு கட்டிலுக்கு 10 ரிங்கிட் தனி.

வீட்டு வாடகை சாதாரண நாளில் ஓர் இரவுக்கு 480 ரிங்கிட். தைப்பூசத்தில் 650, குறைந்தது மூன்று இரவு எடுக்க வேண்டும். முன்பணம் 300. காலி செய்த மறுநாள் அதில் 285 திரும்பி வந்தது. பிடித்த 15 ரிங்கிட்டுக்குக் கணக்கும் படமும் அனுப்பியிருந்தார்: சித்தப்பா தலைச்சாயம் பூசிய கையோடு கரும்பழுப்பு உறையை விட்டுவிட்டு, முன்னறையின் நீலத் தையல் வெள்ளை உறையில் தலை வைத்துப் படுத்திருக்கிறார். அவர் இன்னும் அது தன் தலை இல்லை என்றே வாதிடுகிறார்.

பத்துப் பேர் அளவுள்ள, உறவினர் வந்துபோகும் குடும்பத்துக்கு இந்த வீட்டைத் தாராளமாகச் சொல்வேன். நான்கைந்து பேர் மட்டும் போவதென்றால் வாடகை கட்டுப்படியாகாது. முழங்கால் வலிக்காரர்கள் படியின் படத்தை முதலில் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள். கைப்பிடி ஒரு பக்கம் மட்டுமே இருக்கிறது. தைப்பூசத்துக்கு வேண்டுமென்றால் தீபாவளிக்கு முன்பே பேசிவிட வேண்டும். பேசும்போது உத்தேசமாக ஒரு தலைக்கணக்கைச் சொல்லாமல், இரவு தங்குபவர், பகலில் வந்துபோகிறவர், பாயில் படுப்பவர் என்று பிரித்துச் சொல்லுங்கள். டீச்சர் எப்படியும் அதைத்தான் கேட்பார்.